தெரிந்ததை முதலில் சொல்லிக்கொடுக்கட்டும்: பிள்ளைகளைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பிள்ளைகள் கூடி, ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஏழு வருடமாக நான்தான் பாய் விரிக்கிறேன், அதற்குமேல் என் பங்கு பெரிதாக ஒன்றும் கிடையாது. நான் தையல்காரி. ஆசிரியர் இல்லை, மனநல நிபுணரும் இல்லை. ஆனால் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் துணியை மேசையில் வைத்த கையோடு பிள்ளையைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள், கேட்பதும் பெரும்பாலும் அதே பத்துப் பதினைந்து கேள்விகள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

"எங்க பையன் புதுசா எதுக்குமே வர மாட்டேங்கறான். கூப்பிட்டா என் பின்னாடி ஒளிஞ்சுக்கறான். எங்கிருந்துங்க ஆரம்பிக்கறது?"

புதுசில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதாவது ஒன்றை, அவனைவிடச் சின்னப் பையன் ஒருத்தனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். புதுசு அப்புறம் வரும். நான் கீழே எழுதியிருப்பதில் பாதிக்குமேல் இதையேதான் சுற்றிச் சுற்றிச் சொல்லியிருக்கிறேன், அவசரம் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம்.

முதல் வருடம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கோரையைப் பிய்த்துக்கொண்டே இருப்பான், நாலு வாரம் வாயே திறக்கவில்லை. அவன் அப்பாவுக்கு மாந்தோப்பில் காய் பறிக்கிற வேலை. ஐந்தாவது வாரம், மே மாதம், பள்ளிக்கூடத்து வேலியோரம் இருந்த மரத்தில் நான் கல்லை விட்டெறிந்து ஒரு செந்தூரா மாம்பழத்தை விழவைத்தேன் (வயசுக்கேற்ற வேலையா அது, தெரிகிறது). பழம் தரையில் பட்டு நசுங்கியது. அவனுக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு வந்தான். நுனியில் கம்பி வளையம், வளையத்தில் நூல்வலைப் பை, வளையத்தின் வாயில் விரல் நீளத்துக்கு ஒரு கத்தி. "காம்ப ஒரு வெரக்கடை விட்டு அறுக்கணும்க்கா, ஒட்ட அறுத்தா பால் வடிஞ்சு பழத்து மேல கறுப்பு விழுந்துடும்" என்றான். அதுதான் நான் கேட்ட அவனுடைய முதல் முழு வாக்கியம். ஒன்பது பேர் வரிசையில் நின்று அவனிடம் கற்றுக்கொண்டார்கள், கழியை இழுக்கக் கூடாது, பழத்தைப் பைக்குள் வாங்கிக்கொண்டு மணிக்கட்டை மட்டும் திருப்பணும் என்று ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக் காட்டினான். அடுத்த வாரம் அவனாகவே செஸ் போர்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தான். தோற்றான், மறுபடி உட்கார்ந்தான். அரை மணி நேரம் வாத்தியாராக இருந்துவிட்டவனுக்கு ஒரு ஆட்டம் தோற்பது பெரிய விஷயமாகப் படவில்லை, அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

"அதெல்லாம் சரிங்க, எங்க பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதே. என்னத்தைச் சொல்லிக்கொடுப்பா?"

இதைச் சொல்லாத அம்மாவை நான் இன்னும் பார்க்கவில்லை. பாட்டு, டான்ஸ், ஓவியம் மட்டும்தான் திறமை என்று நினைப்பதால் வருகிற கேள்வி இது. இரண்டு நாள் சும்மா கவனியுங்கள். வீட்டில் எந்த வேலைக்கு அவளைக் கூப்பிடுகிறீர்கள், எதற்குத் தம்பி தங்கைகள் அவளிடம் ஓடுகிறார்கள் என்று பாருங்கள், பதில் அதில் இருக்கும்.

எங்கள் பாயில் இதுவரை நடந்த 'வகுப்புகள்' சில சொல்கிறேன்: ராகிக் களியில் கட்டி விழாமல் துடுப்புப் போடுவது, சைக்கிள் செயின் கழன்றால் கையில் கிரீஸ் படாமல் மாட்டுவது, ஊடுபுள்ளிக் கோலத்துக்குப் புள்ளி கணக்கு, தக்காளிப் பெட்டியில் அடிக்காய் நசுங்காமல் அடுக்குவது, பஸ் வரும் சத்தத்தை வைத்தே டவுன் பஸ்ஸா தனியாரா என்று கண்டுபிடிப்பது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு பயனும் கிடையாது. ஆனால் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம்.

"எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?"

ஐந்து வயதில் காகிதக் கப்பல் செய்யச் சொல்லிக்கொடுத்த குழந்தை இருக்கிறது. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் ரொம்பச் சுலபம். பதிமூன்றைத் தாண்டினால் 'மத்தவங்க என்ன நெனைப்பாங்க' வந்துவிடும். அந்த வயசுப் பிள்ளைகளைச் சம வயசுக்காரர்கள் முன்னால் நிறுத்தாமல் சின்னவர்களோடு விட்டுவிடுங்கள்.

"டவுன்ல அபாகஸ் இருக்கு, கராத்தே இருக்கு, கீபோர்டு இருக்கு. எதுலங்க சேர்க்கறது?"

பையனிடம் கேட்டீர்களா? நான் கேட்கிற முதல் கேள்வி இது, பாதிப்பேர் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வருடம் முழுவதற்கும் சேர்த்துப் பணம் கட்டாதீர்கள். என் தங்கை மகனுக்கு ஒரு பயிற்சி மையத்தில் ஒரே தவணையாகக் கட்டினோம். மூன்றாம் மாதம் மாஸ்டர் மாறிவிட்டார், புது ஆள் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுப் போனைப் பார்க்கிறவர், பணமும் திரும்பி வரவில்லை. ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள், தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

காசு குறைவாகக் கிடைப்பதையும் யோசியுங்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரைக்கும் பாட்டு, பரதம், ஓவியம் மாதிரியானவற்றைச் சொல்லித்தருகிறார்கள். மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 10 வயதிலிருந்து 17 வரைக்கும் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தாங்களே ஆராய்ந்து தமிழிலேயே அறிக்கை எழுதலாம். பள்ளியில் அறிவியல் ஆசிரியரைக் கேட்டால் விவரம் சொல்வார். இதற்கெல்லாம் அபாகஸ் மாதிரி ஊர் முழுக்கப் பிளெக்ஸ் கட்ட ஆளில்லை, அதனால் நாம்தான் தேடிப் போகணும்.

"ரெண்டு வாரம் போறா, அப்புறம் வேண்டாங்கறா. விட்டுடலாமா, இழுத்துக்கிட்டுப் போகலாமா?"

சேர்க்கும்போதே ஒரு முடிவு தேதி பேசிவிடுங்கள். 'எட்டு வாரம் போ, அப்புறம் வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.' எட்டாவது வாரம் அவள் வேண்டாம் என்றால் நிஜமாகவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, பெருமூச்சும் விடக் கூடாது. முடிவு தெரிந்தால் பிள்ளைகள் நடுவில் வருகிற சலிப்பைத் தாண்டிவிடுவார்கள். முடிவே தெரியாத விஷயத்தில்தான் பெரியவர்களே ஓடிவிடுகிறோம்.

ஆனால் நடுவிலேயே திடீரென்று வேண்டாம் என்றால், விசாரிக்காமல் விடாதீர்கள். ஒரு பெண் சிலம்பத்துக்கு ஆசை ஆசையாகப் போனவள், மூன்றாம் வாரம் வயிற்றுவலி, நாலாம் வாரம் தலைவலி. அம்மா சோம்பேறி என்று திட்டிவிட்டாள். ஒருநாள் என் கடையில் காஜா எடுத்துக்கொண்டே அந்தப் பிள்ளை சொன்னது: பயிற்சி நடக்கிற இடத்தில் கழிப்பறை இல்லை, அதனால் மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் போகிறாள். நாலு வீடு தள்ளி ஒரு அத்தை வீட்டில் பேசிவைத்தோம், இப்போது மூன்று வருடமாகக் கம்பு சுற்றுகிறாள். வேறு மாதிரிக் காரணமும் இருக்கலாம். யாராவது தொடுவது, மிரட்டுவது என்று பிள்ளை சொன்னால், அல்லது சொல்லாமலே உங்களுக்குச் சந்தேகம் வந்தால், வகுப்பை அன்றே நிறுத்துங்கள். 1098 குழந்தைகள் உதவி எண், யாரும் கூப்பிடலாம்.

"பரிசு குடுத்தா வருவான்ல? வாட்ச் வாங்கித் தர்றேன்னு சொல்லட்டுமா?"

வருவான். வாட்ச் வந்ததும் போவான்.

என் அண்ணன் மகள் பி.எட். படிக்கும்போது ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். 1973-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த மழலையர் பள்ளியில் நடந்தது. ஏற்கெனவே படம் வரையப் பிடித்த குழந்தைகளில் ஒரு பிரிவிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று சொல்லி வரையவைத்தார்கள், இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள், மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து ஓய்வு நேரத்தில் யார் தானாக வரைகிறார்கள் என்று பார்த்தால், முதலிலேயே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். கேட்டதும் எனக்குத் தையல் ஞாபகம்தான் வந்தது. கூலிக்குத் தைக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கென்று நான் ஒரு ஜாக்கெட் ஆசையாகத் தைத்ததில்லை. சொல்லாமல் கொடுக்கிற வடை, கடலைமிட்டாய் எல்லாம் கணக்கில் வராது, அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

"பாராட்டறதும் தப்பா அப்போ?"

தப்பில்லை, எதைப் பாராட்டுகிறோம் என்பதுதான். 'நீ அறிவாளிடா' என்று கேட்டு வளர்கிற பிள்ளை, தோற்றால் அந்தப் பட்டம் போய்விடுமே என்று கஷ்டமானதைத் தொடாது. இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள், 1998-ல் வந்த ஆய்வு. புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நிறையப் பேர் அடுத்து சுலபமான புதிரையே கேட்டார்கள், நன்றாக முயற்சி செய்தாய் என்று கேட்ட பிள்ளைகள் கஷ்டமானதைக் கேட்டார்கள். எனக்கு எளிதாகப் படுவது, பாராட்டை விட்டுவிட்டுக் கேள்வி கேட்பது. 'இந்த மூலையை எப்படிடா மடிச்ச?' என்று கேளுங்கள். அவன் முகத்தைப் பாருங்கள்.

"எல்லாருக்கும் சொல்லிக்குடுத்துட்டா என் பொண்ணு பின்னாடி போயிடுவாளே? அவ ரேங்க் என்ன ஆகறது?"

எங்கள் பக்கம் கொடுப்பது என்று பேச்செடுத்தாலே மேடையில் அதியமானையும் நெல்லிக்கனியையும் இழுத்துவிடுவார்கள், தகடூர்க்காரர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தால் அதியமானுக்குக் கனி இல்லை. கணக்கைச் சொல்லிக்கொடுத்தால் கணக்கு போய்விடுவதில்லை, இன்னும் கெட்டிப்படுகிறது.

எப்படி என்றால், வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிற ஒரு பெண், எட்டாவது, ஒரு ஞாயிறு மல்பெரி இலையும் பத்துப் புழுவும் ஒரு தட்டில் எடுத்து வந்தாள். எத்தனை நாள் தின்னும், நாலு தடவை தோல் உரிக்கும், புகையிலை தொட்ட கையால் தொடக் கூடாது, எல்லாம் சரளமாகச் சொன்னாள். மூன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று, "அது தலையத் தூக்கிட்டு அசையாம இருக்கே, தூங்குதா செத்துடுச்சா?" என்று கேட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிற புழு, ஆனால் அவளுக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்டு, அறிவியல் டீச்சரைக் கேட்டு, அடுத்த வாரம் வந்தாள்: தோல் உரிக்கப் போகிற நேரத்தில் அப்படித்தான் தின்னாமல் அசையாமல் கிடக்கும், அப்போது இலை போட்டால் வீண். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் அவள் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அப்பாவோடு நூறு தடவை போய்வந்தும் அதைத் தெரிந்துகொண்டிருக்க மாட்டாள். ரேங்க் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது.

"ஆம்பளப் பையன் பூ கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், சொந்தக்காரங்க சிரிக்கறாங்க. நிறுத்தச் சொல்லட்டுமா?"

பஸ் ஸ்டாண்டு பூக்கடையில் உட்கார்ந்து மின்னல் வேகத்தில் கட்டுகிறவர்களில் எத்தனை பேர் மீசை வைத்தவர்கள் என்று அந்தச் சொந்தக்காரர்களை எண்ணச் சொல்லுங்கள். நாரை ஈரப்படுத்தி, இரண்டு பூ இந்தப் பக்கம் இரண்டு பூ அந்தப் பக்கம் காம்போடு காம்பு வைத்து, ஒரு சுற்று சுற்றி, விரலில் கண்ணி போட்டு உள்ளே விட்டு இழுக்கணும். இழுப்பு கூடினால் காம்பு அறுந்துவிடும், குறைந்தால் மாலையைத் தூக்கும்போது பூ உதிரும். இதில் ஆண் பெண் எங்கே வருகிறது? இந்தப் பையனிடம்தான் எங்கள் ஊரில் நாலு பெண்பிள்ளைகள் சாமந்தி கட்டக் கற்றுக்கொண்டார்கள், அதில் ஒருத்தி பதிலுக்கு அவனுக்குப் பஞ்சர் ஒட்டச் சொல்லிக்கொடுத்தாள்.

சிரிப்பு நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். 'சிரிச்சா என்னப்பா சொல்லுவ?' என்று வீட்டிலேயே ஒரு பதில் யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இவன் வைத்திருக்கிற பதில், "முழம் எவ்வளவுக்கு வேணும்?"

"நான் ஓசூர்ல கம்பெனி, ஷிப்ட் மாறி மாறி வரும். அவரு பெங்களூர்ல கட்டட வேலை. குழந்தைங்க பாட்டிகிட்ட. எங்களுக்கு எங்கங்க நேரம்?"

இது நிறைய வீட்டின் கதை, அதனால் நேரம் ஒதுக்குங்கள் என்று லேசாகச் சொல்லிவிட மாட்டேன். இருக்கிற பத்து நிமிடத்தில் ஒன்று செய்யலாம். போன் பேசும்போது 'சாப்பிட்டியா, படிச்சியா' முடிந்ததும், 'எனக்கு ஒண்ணு சொல்லிக்குடு' என்று கேளுங்கள். ஒரு அப்பா பெங்களூரில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு ஏழு வயது மகளிடம் போனில் காகிதத் தவளை மடிக்கக் கற்றுக்கொண்டார், மூன்று நாள் ஆயிற்றாம். "இல்லப்பா, அந்தப் பக்கம் இல்ல" என்று அவள் கத்துவது தெருவுக்கே கேட்கும்.

பாட்டி தாத்தாவைச் சும்மா காவலுக்கு வைத்திருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர் அந்தக் காலத்தில் தெருக்கூத்து ஆடியவர், முட்டி போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்தே அடவைக் கையால் தட்டிக் காட்டுவார், பேரன் ஆடுவான். தப்பினால் செருப்பு பறக்கும், அதை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம்.

"எங்க வீட்ல தெலுங்கு பேசுவோம். பசங்க தமிழ் கொஞ்சம் கொச்சையா இருக்கும், அதனால வெட்கப்பட்டு ஒதுங்கறாங்க."

இரண்டாவது கேள்விக்குச் சொன்னதை மறுபடி படியுங்கள், இதைவிடப் பெரிய திறமை வேறென்ன வேண்டும்? கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் மூன்று மொழி காதில் விழாத சந்தை உண்டா? எங்கள் பாயில் தெலுங்கு வீட்டுப் பெண் ஒருத்தி ஒவ்வொரு வாரமும் ஐந்து வார்த்தை சொல்லித்தருவாள், தேன்கனிக்கோட்டையிலிருந்து லீவுக்கு வருகிற பையன் அதையே கன்னடத்தில் சொல்வான். வாத்தியாராக நின்று பேசிப் பேசியே அவளுடைய தமிழ் கூச்சமும் போய்விட்டது. யாரும் அவள் தமிழைத் திருத்தவில்லை, அதுவும் ஒரு காரணம்.

"எல்லாம் செல்போன்லயே கத்துக்கறான். அப்புறம் எதுக்கு இந்தக் கூட்டம்?"

கற்றுக்கொள்ளட்டும், நானே புது மாடல் கழுத்து வெட்டுவதை வீடியோ பார்த்துத்தான் கற்றேன். ஆனால் போனுக்கு அவன் முகம் தெரியாது. அவனுக்குப் புரியவில்லை என்றால் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பார்த்ததை இங்கே வந்து இரண்டு பேருக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள், பார்த்தது எவ்வளவு, தெரிந்தது எவ்வளவு என்று பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

"அவன் செய்யறதை வீடியோ எடுத்துப் போடலாமா? திறமையைப் பகிர்றதுதானே?"

யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் சொந்தக் கணக்குக்கு 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் போடுவது நீங்கள்தான், பொறுப்பும் உங்களுடையது. கையை மட்டும் எடுங்கள். முகம், பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், ஊர்ப் பெயர்ப் பலகை வேண்டாம். முக்கியமாக, அவன் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒரு பிள்ளை தப்பாகப் பாடியதைச் சிரிப்பாக இருக்கிறது என்று மாமா ஒருவர் போட்டுவிட்டு, அது பள்ளி வரைக்கும் சுற்றி, அந்தக் குழந்தை ஒரு வருடம் பாடவே இல்லை. எண்ணிக்கை பார்க்கிற பழக்கமும் வேண்டாம், பரிசு பற்றிச் சொன்னேனே, லைக்கும் அதே வாட்ச்தான்.

"கலைத் திருவிழாவுல தோத்துட்டு வந்து ஒரே அழுகை. போட்டிக்கே அனுப்பாம இருந்துடலாமா?"

அனுப்புங்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகப் போக ஆள் குறைவதுதான் போட்டி, தோற்கிறவர்கள்தான் அதிகம் என்பதை முன்னாடியே சொல்லி அனுப்புங்கள். தோற்று வந்த அன்று அறிவுரை வேண்டாம், சோறு போடுங்கள். அடுத்த நாள், "ஜெயிச்ச பிள்ளை என்ன செஞ்சுது, எனக்குச் செஞ்சு காட்டு" என்று கேளுங்கள். நடுவர் மோசம் என்று மட்டும் பிள்ளை காதுபடச் சொல்லாதீர்கள், நிஜமாகவே மோசமாக இருந்தாலும்.

"கிணத்துல நீச்சல் கத்துக்கணும்னு நிக்கறான். எனக்கு உசிரே போகுது."

எனக்கும் போகும். பிள்ளைகள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூடாதவை என்று எங்களிடம் ஒரு பட்டியல் உண்டு: தண்ணீர், நெருப்பு, கரண்டு, மரமேறுவது. கத்தி என்றால் பக்கத்தில் பெரியவர் உட்காரணும். மாங்காய்க் கழியை ஒருவர் கையில் எடுத்தால் மற்றவர்கள் கழியின் நீளத்துக்குத் தள்ளி நிற்கணும் என்பது அன்றைக்கே போட்ட விதி.

நீச்சலை ஒதுக்கிவிடாதீர்கள். தென்பெண்ணையும் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையும் ஒகேனக்கல்லும் இருக்கிற ஊரில் தெரியாமல் வளர்வதுதான் ஆபத்து. நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர், இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கையோ காலிக் கேனோ, ஒரு நேரத்தில் ஒரே பிள்ளை. கேனோடு மிதக்கத் தெரிந்தது நீச்சல் தெரிந்ததாகாது. அதை உணராமல் நண்பனைக் கூட்டிக்கொண்டு போய்ச் 'சொல்லிக்கொடுக்க'ப் போனால்தான் விபரீதம், பகிர்ந்துகொள்வதற்கு எல்லை இங்கே. ஆற்றில் அணையில் பெரியவர் இல்லாமல் கால்கூட நனைக்கக் கூடாது.

"பத்தாவது வந்துட்டா இதெல்லாம் நிறுத்திடணும்தானே?"

வாரம் ஒரு மணி நேரம். அதை நிறுத்தினால் அந்த ஒரு மணி நேரமும் படிப்பார்கள் என்று யார் சொன்னது? எங்களிடம் பத்தாவது பிள்ளைகள் ஏழாவது பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார்கள், அவர்களுக்கே அடிப்படை சரியாகிறது. மார்ச் மாதம் மட்டும் வர வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம், ஆனால் வருகிறார்கள்.

"எல்லாத் தெருப் பசங்களும் வர்றாங்களாமே? எங்க வீட்டுப் பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க, தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்துக்கொள்கிறேன், சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, அளவு எடுக்கும்போது மெதுவாகக் கேட்பார்கள். முதல் வருடம் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் கூடினோம். மூன்று பிள்ளைகள் எப்போதும் தெருவிலேயே நின்று பார்ப்பார்கள், வெட்கம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அந்தத் திண்ணையில் அவர்கள் ஏற முடியாது என்று. அதை அவர்கள் சொல்லவும் முடியாது. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து மரத்தடிக்கு மாற்றினோம், தலைமை ஆசிரியரிடம் கேட்டுத்தான். ஒரு குடம், ஒரு டம்ளர், எல்லோருக்கும் அதுதான். இரண்டு வீட்டிலிருந்து வருவது நின்றது. அதில் ஒரு பெண் அடுத்த வருடம் தானாகத் திரும்பி வந்தாள், பாட்டிக்குத் தெரியாமல். மாங்காய்க் கழியோடு ஓடிவந்தான் என்று முதலில் சொன்னேனே, அவன் தெருவில் நின்ற மூன்று பேரில் ஒருவன். இடத்தை மாற்றாமல் இருந்திருந்தால் அவன் குரல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தே இருக்காது.

"எங்க ஊர்லயும் ஆரம்பிக்கணும். என்னென்ன வேணும்?"

நாலைந்து பிள்ளைகள், எல்லோரும் ஏறக்கூடிய ஒரு இடம், ஒரு மணி நேரம், இரண்டு பாய், குடிதண்ணீர். ஒவ்வொரு வாரமும் போகும்போதே 'அடுத்த வாரம் யார், எதை' என்று பேசி ஒரு நோட்டில் எழுதுங்கள், எழுதாவிட்டால் வாயாடிகள் இரண்டு பேரே எல்லா வாரமும் எடுத்துக்கொள்வார்கள். பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்கணும், ஆனால் வாத்தியார் வேலை பார்க்கக் கூடாது (எனக்கு இது இன்னும் கஷ்டம்தான், வாய் சும்மா இருக்காது). முதல் மாதம் நான்காவது வாரம் இரண்டே பேர் வருவார்கள், அப்போதும் பாயை விரியுங்கள்.

நேரத்தை ஊர் பார்த்து வையுங்கள். நாங்கள் முதலில் காலை பத்து மணி வைத்தோம், ஞாயிறு போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை, அதனால்தான் மூன்று மணி. மாங்காய் சீசனில், பெங்களூரா ரகக் காய் கூழ் ஆலைகளுக்குப் போகிற வாரங்களில், பாதி வீடு தோப்பில்தான் இருக்கும். அப்போது பாயைச் சுருட்டிக்கொண்டு நாங்களும் தோப்புக்கே போய்விடுவோம்.